நாலு குளிசையும் ஒரு கழுத்தும்

வைத்தியம் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டுமா என்ன? தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் யாரும் அப்படி நினைப்பதில்லை. நான் நினைக்கவேயில்லை... மூன்று மாதத்துக்கு முன்பு வரை.

நிலானி என் தங்கையின் மகள். பத்தொன்பது வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் வருடம். ஒருநாள் வந்து, "தொண்டை நோகுது மாமா, காய்ச்சலும் காயுது, எச்சில் விழுங்க ஏலாது" என்றாள்.

என் பல்வலிக்குத் தந்த அன்டிபயோட்டிக்கில் நாலு குளிசை மிச்சமிருந்தது. முழுவதையும் விழுங்கச் சொல்லித்தான் தந்தார் டொக்டர் – ஆனால் அவருக்கென்ன தெரியும்? நாலையும் நிலானிக்குக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. இரண்டு நாள் ஒழுங்கையில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் கட்டில் ஆடுமளவுக்கு அவளுக்கு நடுக்கம். கழுத்தின் இடப்பக்கம் வீங்கி, தலையைத் திருப்ப முடியவில்லை. என் அடுத்த கண்டுபிடிப்பு – சுளுக்கு! உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனேன். தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க மாமா. மூச்செடுக்க நெஞ்சு குத்துது. கெதியா ஓட்டோவப் புடிங்க."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டைக் கிருமி கழுத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சீழ் கட்டியிருந்தது. பக்கத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதிலிருந்து பிய்ந்த துணுக்குகள் நுரையீரல் வரை போய்விட்டன.

"இது அபூர்வம். வந்தா இளம் ஆக்களுக்குத்தான் கூட வரும்" என்றார் டொக்டர். "வீட்டில ஏதும் மருந்து குடுத்தீங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல மின்விசிறி.

நிலானிக்கு வாய் திறக்க முடியவில்லை. விரல் வேலை செய்தது – என்னை நோக்கி.

"கழுத்தத் தடவிக்கிடவி விடல்லதானே? இரத்தக்கட்டி கழண்டு போனா உயிருக்கே ஆபத்து" என்றார் டொக்டர்.

எண்ணெய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சீழை எடுத்தார்கள். கிழமைக்கணக்கில் ஊசி மருந்து. தங்கை என்னோடு பேசவில்லை. வார்ட்டுக்கு வெளியே நின்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். அவர்களுக்கு மட்டும் நான் ஆலோசனை சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்தான் காய்ச்சல் இறங்கியது. "மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

"மன்னிச்சிட்டன் மாமா" என்றாள், காற்றுப் போன குரலில். "ஆனா மறுகா ஒருத்தருக்கும் குளிசை குடுக்காதீங்க."

இப்போது அவள் பழையபடி வளாகத்துக்குப் போகிறாள். தங்கையும் பேசுகிறாள் – தேவைக்கு மட்டும்.

போன கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. விடியவே போய் வெளிநோயாளர் வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற மனிதர் தோளைத் தட்டினார்.

"தொண்டை நோவுக்கா இஞ்ச வந்து நிக்கிறீங்க? அண்ணன், என்னட்ட ரெண்டு குளிசை கிடக்கு... தரட்டா?"