கண்ணாடி அறைக்காக ஜெபித்தோம்

எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நேராகச் சண்டை போடுவதில்லை. எல்லாச் சண்டையும் ஆண்டவர் வழியாகத்தான் போய்ச் சேரும். சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். வயதில் சின்னவரிலிருந்து பெரியவர் வரை வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஜெபம் முடிந்த பிறகு, அதில் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. மைசூரில் அந்தப் பழைய வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான் என்று நாங்கள் நாலு பேரும் முகம் சுளிக்காமல் காலம் தள்ளியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டின் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்த யாரோ செடி வளர்ப்பதற்காகக் கட்டியது. தேக்குச் சட்டங்கள், மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ஏப்ரலில் உள்ளே போனால் இட்லிப் பானைக்குள் போன மாதிரி இருக்கும். ஜூனில் வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்த அத்தைக்கு அந்த அறைதான் எல்லாம். அங்கே பெகோனியாத் தொட்டிகள் வைத்திருந்தாள். பரீட்சைத் தாள்களையும் அங்கே உட்கார்ந்துதான் திருத்துவாள். சில பிள்ளைகளின் மதிப்பெண் மழையில் கரைந்து, அத்தையே பார்த்துக் கூட்டிப் போட்டதும் உண்டு. தூங்குவது மட்டும் என் கட்டிலில், என் பக்கத்தில்.

ஒரு மழைக்கால மாலையில் கூரையிலிருந்து ஒரு கண்ணாடி நழுவி, அத்தையின் நாற்காலியில் விழுந்து நொறுங்கியது. அப்போதுதான் அவள் காபி குடிக்க எழுந்து போயிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த அப்பா நாற்காலியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். இடித்துவிட வேண்டியதுதான் என்றார். அந்த இடத்தில் சிமெண்டு போட்டு அத்தைக்கு ஒரு ரூம் கட்டலாம் என்றார். அத்தை, ரிப்பேர் செய்தால் போதும் என்றாள்.

அப்பா ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தார். மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரர்.

"இடிச்சுப்போட்டு ஆர்சிசி போட்டுருலாமுங்க. அதுதானுங்க நல்லது" என்றார் அப்பாவிடம்.

அத்தை காபியோடு வந்து, "சட்டமெல்லாம் நல்லாத்தானே இருக்கு? சும்னே எதுக்கு இடிக்கணும்?" என்று கன்னடம் கலந்து கேட்டாள்.

மேஸ்திரி சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "ஆமாங்க டீச்சரு, தேக்கு கல்லாட்டம் இருக்குதுங்க. அடியில மட்டுந்தான் இத்துப்போயிருக்குது. அதை மாத்தி, மேல ஷீட்டுப் போட்டா போதுமுங்க" என்றார். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, காபியை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதன்பிறகு விவகாரம் ஆண்டவரிடம் போனது.

"ஆண்டவரே, தலையில் கண்ணாடி விழுந்தாலும் பரவாயில்லை என்று இருப்பவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று அப்பா ஜெபித்தார். மறுநாள் அத்தை, "கர்த்தாவே, பழையது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடாத இருதயத்தை எங்களுக்குத் தாரும்" என்று பதில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தனக்குக் காலையில் டூட்டி இருப்பதை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தி, சமாதானத்தைச் சீக்கிரம் தரும்படி கேட்டுக்கொண்டாள். எனக்குப் பசிதான் பெரிய கவலையாக இருந்தது. ஜெபங்கள் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயின.

அப்படி ஒரு நாள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அவளுக்கு முப்பத்தெட்டு ஆச்சு. இனிமே கல்யாணமாவது ஒண்ணாவது. எங்க போகப் போறா? பாத்ரூமோட ஒரு ரூம் கட்டிக் குடுத்துட்டா, கடைசி வரைக்கும் நம்மகூடவே இருந்துக்குவா." அத்தையின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். அத்தையிடம் அவர் சொன்னது ரூம் என்ற வார்த்தையை மட்டும்தான். மீதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அத்தை கடைசி வரைக்கும் எங்களோடு! இப்படி ஒரு நல்ல ஏற்பாட்டை அத்தை ஏன் தடுக்கிறாள்? நாலு பெகோனியாத் தொட்டிக்காகவா? பெரியவர்களால் ஆகாததை நான் முடித்துவைப்பது என்று தீர்மானித்தேன். அன்று என் முறை வந்ததும், வழக்கமாகக் கேட்கும் கணக்குப் பரீட்சையை விட்டுவிட்டு, கணீரென்று ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, அத்தைக்கு முப்பத்தெட்டு வயசு ஆயிட்டதால இனிமே கல்யாணம் ஆகாது, எங்கேயும் போக மாட்டாங்கன்னு அப்பா சொன்னாங்க. அதனால கடைசி வரைக்கும் எங்ககூடவே இருக்க, பாத்ரூமோட ஒரு ரூம் கட்டிக் குடுங்க. அத்தையோட மனசை மாத்துங்க. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. அடுத்த முறை அத்தையுடையது. அவள் கண் மூடியபடியே இருந்தது.

"ஆண்டவரே, என் அண்ணனுக்கு என்மேல எவ்வளவு பிரியம்னு உமக்குத் தெரியும்" என்றாள். "எனக்கும் தெரியும். ஆனா கடைசி வரைக்கும்னு எனக்கு எதையும் கட்ட வேணாம், ஆண்டவரே. நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது. அதை இப்பவே யாரும் முடிவு பண்ணிட வேணாம்."

ஜெபத்துக்கென்று தனியாக ஒரு தமிழ் வைத்திருந்த அத்தை, ஆண்டவரிடம் வீட்டுப் பேச்சில் பேசியது அன்றுதான். அம்மா தன் முறையில் டூட்டியைச் சொல்ல மறந்துவிட்டாள். அப்பா சொந்தமாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை மட்டும் தொடங்கினார். அதுவும் பாதியில் நின்றுபோக, அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். சட்டப்படி யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டோம்.

காலையில் அப்பா மேஸ்திரிக்குப் போன் செய்தார். இடிக்க வேண்டாம், ரிப்பேர் போதும் என்றார். தானும் முதலிலிருந்தே அதைத்தான் நினைத்ததாக மேஸ்திரி கத்தியது எனக்கே கேட்டது.

கூரைக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலை மட்டுப்படுத்தும் ஷீட் போட்டார்கள். இற்றுப்போன அடிச்சட்டங்களை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைத்தார்கள். சூடு வெளியேற மேலே சின்ன ஜன்னல்கள் வந்தன. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அத்தையோடு உட்கார்ந்து பழைய பெயிண்டைச் சுரண்டினார். இரண்டு பேரும் பச்சையா வெள்ளையா என்று ஆண்டவரை இழுக்காமல் நேராகவே சண்டை போட்டார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் ஜெபத்தைக் கேட்காத ஆண்டவர் மேலும், அதைக் கெடுத்த அத்தை மேலும் எனக்குக் கோபம்.

சுரண்டச் சுரண்ட, தொட்டிகள் அடுக்கியிருந்த பக்கத்தில், வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் திறக்கிற மாதிரி ஒரு கதவு தெரிந்தது. எப்போதோ ஆணி அடித்து, மேலே பெயிண்டும் அடித்து மறைத்திருந்தார்கள். "இதை அடைச்சுப்போட்டறலாமுங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

அப்பா அந்தக் கதவைக் கையால் தட்டிப் பார்த்தார். "வேணாம். தொறக்கற மாதிரி பண்ணுங்க. பூட்டும் போடுங்க" என்றார்.

வேலை முடிந்த மாலையில் அந்தச் சாவியை அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. அப்பா அண்ணாந்து புதுக் கூரையைப் பார்த்து, ஒழுகுகிறதா என்று கேட்டார். வெளியே மழையே இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் ஒரு கதவு இருக்கும்போது அத்தைக்கு எதற்குத் தனியாக ஒன்று? அவளைப் போகச் சொல்கிறாரா அப்பா? அன்றிலிருந்து படுக்கும்போது அவள் முந்தானையை என் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன். விடியும்போது பக்கத்தில் அத்தை இருக்க மாட்டாள். எழுந்து பின்பக்கம் ஓடுவேன். அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு, பால் பாக்கெட்டோடு உள்ளே வந்துகொண்டிருப்பாள்.

அத்தை எங்கேயும் போகவில்லை. ஓய்வு பெற்று, இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வயதில் ஒவ்வொரு காலையும் அவளைக் கதவருகே பார்க்கும்போது, ஆண்டவர் எனக்குத் தாமதமாகத்தான் காது கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வேன். போக வழி இருந்தும் அவளாகவேதான் திரும்பி வருகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.