கங்காணி மகனின் முப்பத்துநான்கு

தோல் பந்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வைத்தால் கிளம்பும் அந்தச் சிக்கு வாடையை நினைத்தால் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். முப்பதுகளின் நடுவில், கொட்டகலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மார்கழி பிறந்ததும் அந்த வாடை வந்தால் பெரிய கங்காணியின் ஒரே மகன் தங்கராசு கண்டியில் உள்ள மிஷன் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் ஆட்களையெல்லாம் கடல் தாண்டிக் கூட்டி வந்து, தன் சொல்லுக்கு மறுசொல் இல்லாமல் வைத்திருந்தவர் அவனுடைய அப்பா. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் தலைக்கென்று வைத்திருந்த எண்ணெய் கேட்பாரில்லாமல் பந்துக்குப் போனது.

அவன் கல்லூரியில் "வொலிபோல்" ஆடினான். வேறு எதையும் செய்யவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்தவன், வலைக்கு மேலே எம்பிப் பந்தைக் குத்தினால் எதிர்ப்பக்கம் நிற்பவன் குனிந்துகொள்வான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவனுக்கு அந்தத் தோள் மட்டும்தான் மிச்சம். அந்தத் தோள் தங்களுக்கு வேண்டும் என்பதற்காகவே கல்லூரிக்காரர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள் என்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்.

இதில் எங்களுக்கு என்ன வந்தது என்றால், அந்தக் கல்லூரி விடுதியில் எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் தொரை ஒருவர் வருஷாவருஷம் விடுதிக்குத் தேயிலைப் பெட்டிகள் அனுப்புவதாகவும், பதிலுக்கு அவர்கள் ஒரு பையனை வைத்துப் படிப்பிப்பதாகவும் ஏற்பாடு. இருக்கிறவன் எழுந்தால்தான் அடுத்தவன் உட்காரலாம். அடுத்த பெயர் என் அண்ணன் முத்தையாவுடையது. மாஸ்டரே எழுதிக் கொடுத்திருந்தார். பதினான்கு வயது முடிந்தவனைக் கல்லூரி சேர்த்துக்கொள்ளாது. அண்ணனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

தங்கராசு கொண்டுவரும் கல்லூரித் தேர்ச்சி அட்டையைக் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் "பெரட்டுக்களத்தில்" வைத்து வாசிக்கச் செய்வது பெரிய கங்காணியின் வழக்கம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், ஆனால் முதுகெலும்பு கிடையாது. முதல் வருஷம் வகுப்பில் முப்பத்தொன்று என்று அவர் வாசித்ததும் பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே வளர்ந்த மனுஷருக்கு எண் என்றால் எடை போடும் றாத்தல்தான். முப்பத்தொன்று கிள்ளியவள் கெட்டிக்காரி, பத்து கிள்ளியவள் சோம்பேறி. மகன் முப்பத்தொன்று எடுத்துவிட்டான்.

"ஒங்க புள்ளைங்க எவனாச்சும் இம்புட்டு எடுப்பானா?" என்று கேட்டார். நாங்கள் கைதட்டினோம். கணக்கப்பிள்ளை எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மறு வருஷம் முப்பத்துநான்கு. மூன்று கூடிவிட்டது என்று பெரிய கங்காணி ஒரு கிடாயை வெட்டி, அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாரியம்மன் கோயில் சுவரில் மாட்டினார். சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் பூசாரி அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அப்படியொரு கூட்டம் நாங்கள்.

அண்ணன்தான் அதைக் கிட்டே நின்று வாசித்தவன். மாஸ்டரிடம் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தான். முப்பத்துநான்கு என்பது இடம் என்றும், வகுப்பில் இருந்ததே முப்பத்துநான்கு பேர் என்றும் எங்கள் காம்பராவில் வைத்து அம்மாவிடம் சொன்னான். அம்மா கதவைச் சாத்தினாள்.

"தெரிஞ்சது ஒன்னோட இருக்கட்டும். அப்பாவுக்குப் பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்தவிட்டே வெளிய அனுப்பிட்டாங்கன்னா நாம எங்க போயி நிக்கிறது?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் நானும் அந்த அறையில் இருந்தேன்.

மூன்றாம் வருஷம், மாசி வந்தால் அண்ணனுக்குப் பதினான்கு முடிந்துவிடும் என்று இருந்தபோது, அட்டையில் இருபத்தொன்பது என்று வந்தது. பெரிய கங்காணியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏன்டா அஞ்சு கொறஞ்சிச்சு?"

"பந்தாட்டத்துக்கு ஊரூரா போனதால கொஞ்சம் கொறஞ்சிருச்சுங்கப்பா," என்றான் தங்கராசு. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அந்த முகத்தை வைத்துக்கொள்ள அவனால்தான் முடியும்.

"றாத்தல் கொறஞ்சவள நான் அந்த மலையிலயே வச்சிருக்கேனா? போதும் ஒன் காலேஜு. தைக்குத் தோட்டத்துல நில்லு," என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயரைத் தொரைக்குக் கொடுக்கும்படி கணக்கப்பிள்ளைக்கு அப்போதே உத்தரவு போட்டார். மூடத்தனத்தில் ஊறிய அந்த மனுஷர் தம் மூடத்தனத்தாலேயே எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். அம்மா கொட்டகலைக் கடைத்தெருவுக்கு நடந்துபோய் வெள்ளைத் துணி வாங்கி வந்து, கையாலேயே சட்டை தைத்தாள். அண்ணன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கசங்காமல் மடித்து வைத்தான். வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை, எங்கே அது கலைந்துவிடுமோ என்ற பயத்தில்.

அந்த வாரத்தில்தான் பெரட்டுக்களத்தில் வலை கட்டினார்கள். வலை என்றா சொன்னேன்? கொழுந்து கிள்ளும் பெண்கள் பனிக்கு இடுப்பில் கட்டும் "படங்கு" சாக்குகளைப் பறித்து ஒன்றாகத் தைத்தது அது. அம்மா நனைந்த சேலையோடு மலையேறினாள். தங்கராசு குத்துகிற பந்து களத்தைத் தாண்டித் தேயிலைச் சரிவில் உருண்டு ஓடைவரை போகும். எடுத்துவர அண்ணனைத்தான் கூப்பிடுவான். காலேஜுக்குப் போக வேண்டுமே என்று அண்ணனும் வாய் திறக்காமல் இறங்கி ஏறினான்.

அன்று ஏழெட்டுத் தடவைக்கு மேல் ஆகியிருக்கும். அண்ணன் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது தங்கராசு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"ஓடுடா காலேஜுக்காரா. நீ போனா மூணு நாலுக்கு மேல எடுக்கமாட்ட."

சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

"பெரிய நம்பர்னா கடைசி. நீதான் எல்லாருக்கும் கடைசி. எங்க அண்ணன் வாசிச்சிருச்சு," என்று களத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

நாற்காலியில் இருந்த பெரிய கங்காணி மெதுவாகத் திரும்பிக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்னாய்யா சொல்லுது இந்தக் குட்டி?"

கணக்கப்பிள்ளை துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அது... ஆமாங்க. கம்மியா இருந்தாத்தான் ஒசத்திங்க."

இனி இவர்கள் தலைகுனிவார்கள் என்று நான் நிமிர்ந்து நின்றேன். பெரிய கங்காணியோ விரல்விட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

"அப்ப போன வருசத்துக்கு இந்த வருசம் எம் மவன் அஞ்சு பேர முந்தியிருக்கான்?"

"முந்தியிருக்காருங்க," என்றார் கணக்கப்பிள்ளை, உடனே.

"அப்ப எதுக்குய்யா அவன நிப்பாட்டுறது? இன்னும் ரெண்டு வருசம் போனா பத்துக்குள்ள வந்துருவான்ல?"

அந்த வருஷம் வகுப்பில் இருந்ததே இருபத்தொன்பது பேர்தான். தெரிந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவன் அண்ணன் ஒருவன்தான். அண்ணன் கீழே ஓடையில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

தைமாதம் தங்கராசுதான் ரயில் ஏறினான். இன்னும் இரண்டு வருஷம் பந்து குத்தினான், அணித்தலைவன் ஆனான், எந்தப் பரீட்சையும் தேறாமல் திரும்பி வந்து, அப்பா போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வளர்த்தான். அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அண்ணன் மாசியில் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனான். முதல் நாளே அதில் தேயிலைக் கறை பிடித்துவிட்டது. அவன் வெட்டிக் கொண்டுவந்த கூலியில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். அந்தக் கூட்டத்தை நான் எவ்வளவு இளக்காரமாக எழுதினாலும், கணக்கப்பிள்ளையைக் கோழை என்று எத்தனை தடவை சொன்னாலும், அதுவரை அண்ணனுக்கு உதவியது உண்மையைச் சொல்லாத அவருடைய கோழைத்தனம்தான், கெடுத்தது நான்.

போன மாதம் அண்ணனோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கங்காணிமார் இல்லை, பெரட்டுக்களத்தில் லாரி நிற்கிறது, கோயில் சுவருக்கு ஓடு பதித்துவிட்டார்கள். கவ்வாத்துக் கத்தியால் கூன் விழுந்த முதுகோடு அண்ணன் களத்தின் ஓரத்தில் நின்று சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க அந்தச் சரிவில் ஏறி வந்தவர், எல்லோரும் பேசாமல் நிற்பதைப் பார்த்து என்னிடம்தான் கேட்டார்: "என்னாச்சு?"

பிறகு ஊரே அவரிடம் சொல்லியிருக்கும். நான் இன்னும் சொல்லவில்லை.