அயனியில் கட்டிய கேபிள்

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி ஓடுகிறது. நான் அதை சர்வர் என்பேன். என் மனைவிக்கு அது பெட்டிதான். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் கழித்துப் போட்ட பழைய மெஷின், இரண்டு ஹார்ட் டிஸ்க், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு யுபிஎஸ். குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ, சினிமா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு நாள் என் போன், இடம் தீர்ந்துவிட்டது, மாதாமாதம் பணம் கட்டு என்றது. என் அப்பா படத்தை எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, அதைப் பார்க்க நான் வாடகை கொடுப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றே சுதந்திரம் அடைந்தேன். அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் படிக்குக் கீழே குத்தவைத்தபடி கழிகின்றன.

வீட்டில் மாடு வைத்திருப்பவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்தங்க முடியாது. அப்டேட் போட்டால் நேற்று ஓடியது இன்று ஓடாது. ஒரு தடவை மூன்று நாள் சாஃப்ட்வேரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், ஃபேனுக்குள் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. மழைக்காலம் வந்தால் இன்னொரு கூத்து. திருவட்டாற்றுப் பக்கம் எங்களுக்கு இடி ஒன்றும் புதிதல்ல. முதல் முழக்கம் கேட்டதும் எல்லா வீட்டிலும் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவார்கள். டிவி, பிரிட்ஜ், மிக்சி, அந்த வரிசையில் என் சர்வரும். முறையாக அணைக்க வேண்டும், பிடுங்கக் கூடாது என்று நான் கரடியாகக் கத்திப் பார்த்தேன். யுபிஎஸ் கீச்சென்று அலறினால் அதையும் பிடுங்கி வாயை அடைத்தார்கள்.

அடுத்த வீடு அண்ணன் வீடு. அப்பா இருந்த காலத்திலேயே நிலத்தை வாய்ப்பேச்சாகப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கொரு வீடு கட்டவைத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் அயனிமரம் நின்றது. கதவு, நிலைக்கு அயனியை மிஞ்சத் தேக்குதான் வரவேண்டும். பெட்டி வந்த புதிதில் நானும் அண்ணனும் சேர்ந்து அந்த மரத்தின் ஒரு கொம்பில் கேபிளைக் கட்டி அவன் வீட்டு டிவிக்கு இழுத்தோம். அவன் மரத்தில் ஏறி இழுக்க, நான் கீழே நின்று வழி சொன்னேன். அப்பா இறந்த பிறகு மரம் வாங்கும் தடி வியாபாரி ஒருவன் வந்து, மரம் யாருடையது என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னுடையது என்றோம். அதோடு பேச்சு நின்றது.

பேச்சை அறுத்தவன் கேபிளை அறுக்கவில்லை. அறுத்தால் அவனுக்குச் சினிமா ஓடாது. நானும் அறுக்கவில்லை. அதை என் பெருந்தன்மை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன் என் பெட்டியை நம்பி உட்கார்ந்திருக்கிறான் என்பதில் உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. பெட்டி நின்றால் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, வேலியருகே வந்து என் மனைவியிடம் விசாரிப்பாள். நான் ஓடிப்போய்ச் சரிசெய்வேன். எதிரிக்கு இவ்வளவு சுத்தமாகச் சேவை செய்தவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று பெட்டி ஒரு பக்கத்தில் காட்டும். ஒரு நாள் சாயங்காலம் எதற்கோ அதைத் திறந்தேன். அண்ணன் வீட்டு டிவியில் அவனுடைய புதுவீட்டுப் பால்காய்ச்சு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வீடியோக்காரனைக் கூட்டிக்கொண்டு பறம்பு நிலத்தைச் சுற்றிக் காட்டும் இடம். மறுநாளும் அதே இடம். அந்த வாரம் முழுவதும் அதே இடம்தான். நிறுத்துவதும், பின்னால் தள்ளுவதும், திரும்பப் போடுவதுமாக இருந்தான். பாவம், இத்தனை வீம்புக்குள்ளும் அப்பாவைத் தேடுகிறானே என்று உருகிப்போனேன்.

உருகியவன் சும்மா இருக்கவில்லை. அந்த வீடியோவை இன்னொரு டிஸ்கில் பத்திரமாக நகல் எடுத்தேன். அவனுடைய பழைய டிவியில் திக்காமல் ஓடும்படி மாற்றினேன். அப்பா பேசுவது சரியாகக் கேட்காது. ஜெனரேட்டர் இரைச்சல், காற்று, பின்னால் கத்தும் பிள்ளைகள், போதாததற்கு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை வரும் அவருடைய இருமல். சத்தத்தைச் சுத்தம்செய்யும் ஒரு சாஃப்ட்வேரைப் படித்து, எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். ஆரம்பத்தைப் போட்டுக் கேட்டேன். பக்கத்தில் நின்று பேசுவதுபோல அப்பா குரல் வந்ததும் கண் நிறைந்துவிட்டது. மீதியைக் கேட்கத் தெம்பில்லாமல் அப்படியே ஏற்றிவிட்டேன். இதைக் கேட்டுவிட்டு அண்ணன் என்னைத் தேடி வருவான் என்று உறுதியாக நம்பினேன்.

வந்தான். சர்வேயரையும் எங்கள் தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். சர்வேயர் சங்கிலியைப் பிரிக்கும் முன்னால், அண்ணன் போனை நீட்டி மாமாவிடம் கொடுத்தான். என் பெட்டியில், என் கரண்டில், என் கைவேலையில் திருந்திய வீடியோ. அப்பா மரத்தடியில் நின்று கையை நீட்டிச் சொன்னார்: "இந்த அயனி மூடு வரைக்கும் மூத்தவனுக்கு. அதுக்கு இப்பறம் இளையவனுக்கு."

கோயில் மணிபோல ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இதெல்லாம் அளவில் வராது என்று சர்வேயர் சொல்லிப் பார்த்தார். மாமா அவரை லட்சியம் செய்யவில்லை. சத்தம் நல்ல தெளிவாக இருக்கிறதே, எங்கே கொடுத்துச் செய்தாய் என்று அண்ணனிடம் விசாரித்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். மரத்தடி வரைக்கும் அவனுக்கு என்று அப்பாவே சொன்ன பிறகு நான் என்ன பேச? மரம் போய்விட்டது.

நேராக வீட்டுக்குள் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கேபிளை அறுக்க மரத்துக்கு நடந்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்: "ஏறப் போறியளா? மொதல்ல அங்க ஒரு வார்த்த கேளுங்க. இப்பம் அது அவிய மரமாக்கும்."

திரும்பி வந்து பெட்டியை அணைத்தேன். முறையாகக்கூட அணைக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன். அவனுடைய துக்கம் என்று நினைத்து நான் அழுததெல்லாம் அவன் கேசுக்குச் சாட்சி தேடியதற்கு என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலும் போட்டோ, சினிமா எதுவும் இல்லை. சுதந்திரத்துக்கே விடுமுறை. மைனி எப்போது வேலியருகே வருவாள், எப்படி வெடுக்கென்று பதில் சொல்லலாம் என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மைனி வரவில்லை. சில நாள் கழித்து அண்ணனே வந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் அயனியைப் பார்த்துக் கேட்டான்: "பெட்டி ஓடல்லியா லே?"

"அண்ணனுக்கு மரம் கெடச்சாச்சில்லா. இனி அதுல பாக்க என்ன கெடக்கு?"

அவன் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "பழசு வச்சிருக்கியா? நீ திருத்தினதுல அப்பாக்க இருமல் இல்ல."

அந்த இருமலைக் குப்பை என்று வழித்துப் போட்டவன் நான். அது இல்லாததைக் கண்டுபிடித்தவன் என் மரத்தைக் கொண்டுபோனவன். இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிளக்கைச் செருகிப் பார்த்தால், இரண்டாவது டிஸ்கில் நகல் பத்திரமாக இருந்தது. அதைப் பழைய இடத்தில் ஏற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் அண்ணன் வீட்டு ஜன்னல் வழியாக ஜெனரேட்டர் இரைச்சலும், அதற்குள்ளிருந்து அப்பாவின் இருமலும் கேட்டன. நான் அழுதேன். இந்தத் தடவை ஏமாந்து அழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் திருந்திவிட்டான் என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்த மாதமே அதே தடி வியாபாரியை வரவழைத்து அயனியை அடியோடு வெட்டி விற்றான். வெட்டுவதற்கு முன்னால் கேபிளை மட்டும் தானே ஏறி அவிழ்த்திருக்கிறான். மறுநாள் பார்த்தேன், ஓர் இரும்புக் குழாயை நட்டு, கேபிளை அதில் கட்டியிருந்தான். சர்வேயர் எல்லைக்குப் போட்ட கல்லைத் தாண்டி அந்தக் குழாய் என் நிலத்தில் நிற்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.