மச்சான் உடைத்த கழுத்து

என் கிதாரின் கழுத்தை உடைத்தது என் மனைவியின் அண்ணன். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஊரெல்லாம் வேறு கதை சொல்லித் திரிந்தவர் அவர். என் பங்குக்கு நானும் கொஞ்சம் சொல்ல வேண்டாமா?

கடலூரில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு உண்டு. மச்சான்தான் அதற்குத் தலைவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் மேடை போட்டால் அங்கேயும் வாசிப்போம். பகலில் நான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மரப்பட்டறையில் கதவும் கட்டிலும் செய்கிறவன். மேடையில் எலெக்ட்ரிக் கிதார். மச்சானும் அதேதான், இருவரிடமும் ஒரே மாதிரி கிதார்கள். ஆனால் பாட்டுக்கு நடுவே வரும் தனி வாசிப்பெல்லாம் என்னுடையது. அவர் பின்னால் நின்று ரிதம் வாசிப்பார். கைதட்டல் என் பக்கம் வரும்போதெல்லாம் அவர் முகம் போகிற போக்கை நான் கவனிக்காமல் இல்லை.

ஆயுத பூஜைக்கு மச்சான் வீட்டில் குழு கூடி, வாத்தியங்களை எல்லாம் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிடுவோம். கிதாரைப் படுக்கப் போட்டால் மரியாதை இல்லை என்று சுவரில் சாய்த்து நிறுத்துவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் இரண்டு கிதாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு நான் மற்றவர்களோடு பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்குப் போனேன். உள்ளே தடாரென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் என் கிதார் டைல்ஸ் தரையில் மல்லாந்து கிடக்கிறது. கம்பிகளை முறுக்கும் ஆணிகள் உள்ள தலை, கழுத்திலிருந்து முறிந்து கம்பிகளில் தொங்குகிறது. அதன்மேல் தண்ணீர் சொட்டும் கனத்த ரோஜா மாலை. சாமி படத்துக்கென்று வாங்கிய மாலை அது.

மச்சான் கொல்லைப் பக்கமிருந்து வருகிறவர்போல வந்தார்.

"நான் ரூம்லயே இல்ல மாப்ள. தேங்கா கழுவப் போயிருந்தேன். நீதான் மாலைய மாட்டிட்டுப் போயிட்ட."

"நான் மாட்டல மச்சான். பொட்டுதான் வச்சேன்."

"அப்ப சாமியே வந்து மாட்டிக்கிச்சா?"

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். வாயில் 'வாங்க போங்க' என்றுதான் நான் அவரிடம் பேசுவேன். மனதுக்குள் அன்றைக்கு என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே அச்சில் போட முடியாது.

அதோடு விட்டாரா? நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், உதவி செய்கிறாராம், பெட்டிக்கடைப் பசையை முறிவில் ஊற்றி, தலையைக் கோணலாக ஒட்டி, கட்டுக்கம்பியால் வரிந்து வைத்திருந்தார். புதிதாக முறிந்த மரத்தில் நாரோடு நார் சரியாகப் பொருந்தும். நல்ல மரப்பசை தடவி, பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்தால் பழையபடி நிற்கும். அந்த வழியையும் அடைத்துவிட்டார். அடுத்த கச்சேரியில் என் இடத்தில் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர் வாசித்தார். என்னை வயர் சுற்றச் சொன்னார்கள். நான் குடித்துவிட்டுப் போட்டு உடைத்தேன் என்று மச்சான் சொல்லிக்கொண்டிருப்பதும் காதுக்கு வந்தது.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "எங்க அண்ணன் பொய் சொல்லாது. நீங்கதான் ஏதோ ஞாபகத்துல மாட்டியிருப்பீங்க," என்றாள். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். மச்சானை அவள் முன்னால், அவர் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் கிதார். உடைந்த கழுத்தைப் பட்டறையில் அறுத்துப் பார்த்தேன். கோளாறு அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கள் கிதார்களில் தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்தையும் தலையையும் ஒரே பலகையில் அறுத்திருக்கிறார்கள். கழுத்தில் நீளமாக ஓடிவரும் மரநார், தலை சாயத் தொடங்கும் இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடுகிறது. கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்கு அதே இடத்தில் ஒரு பள்ளம் வேறு தோண்டியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது விரல் கனம் மரம்கூட இல்லை. அதன்மேல் கம்பிகள் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மல்லாந்து விழுந்தால் சாய்ந்த தலையின் நுனிதான் முதலில் தரையில் மோதும். முருங்கைக் கிளைபோல முறியாமல் என்ன செய்யும்?

மாலையின் வேலையும் புரிந்தது. வழுக்குத் தரையில் ஏணியைச் சாய்த்து ஒருவன் உச்சிக்கு ஏறினால் ஏணியின் கால் வெளியே ஓடும். ஈர மாலை கிதாரின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

நான் தேக்கில் மூன்று பட்டைகள் எடுத்து, நடுப்பட்டையின் ரேகையை எதிர்ப்பக்கம் திருப்பி ஒட்டினேன். தலையை வளைத்து அறுக்கவில்லை. பட்டையைச் சாய்வாகச் சீவி, சீவிய துண்டைத் திருப்பி ஒட்டினால் தலையிலும் நார் நீளவாக்கில் ஓடும். தலையின் சாய்வைக் குறைத்தேன். இரும்புக் கம்பியை முறுக்கும் பள்ளத்தைக் கிதாரின் உடம்புப் பக்கம் மாற்றினேன். தலை தொடங்கும் இடத்தின் பின்னால் மரத்தைச் சீவித் தள்ளாமல் விரல் கணு அளவுக்கு ஒரு மேடு விட்டேன். பழைய கழுத்தின் மேல் விரல் அழுத்தி வாசிக்கும் பலகையை இஸ்திரிப் பெட்டி வைத்துச் சூடாக்கிக் கழற்றிப் புதியதில் ஒட்டினேன்.

அதற்கு முன் கழிவு மரத்தில் தலைகளாகச் செய்து சிமெண்ட் தரையில் போட்டு உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் மச்சானை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். உடைந்தபோது சந்தோஷம், உடையாதபோது அதைவிடச் சந்தோஷம். பட்டறையில் இருந்தவர்கள் எனக்கு மந்திரித்துவிடலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

என் மனைவியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் சிதம்பரத்தில் வந்தது. வரவேற்புக்கு எங்கள் குழுதான். சொந்தக்காரர்கள் நடுவில் மச்சானால் என்னைத் தள்ளிவைக்க முடியவில்லை. மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் ஓர் அறை. தரை பளபளவென்று டைல்ஸ். குழு முழுக்க அங்கே இருந்தது. என் மனைவியும் அவள் சித்தியும் காபி கொண்டுவந்திருந்தார்கள்.

மச்சான் என் கிதாரை எடுத்துத் திருப்பிப் பார்த்து அந்த மேட்டைத் தடவினார். "என்னா மாப்ள, கழுத்துல கட்டி வந்திருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனியா?"

நான் கிதாரை வாங்கிச் சுவரில் சாய்த்தேன். பெண்ணுக்கு வந்திருந்த உபரி மாலை ஒன்று கூடையில் கிடந்தது. அதை எடுத்துக் கிதாரின் தலையில் மாட்டிக் கையை எடுத்தேன். கால் வழுக்கிக் கிதார் மல்லாக்க விழுந்த சத்தத்தில் சித்தி காபித் தட்டைத் தவறவிட்டாள். நான் கிதாரைத் தூக்கி, இறங்கியிருந்த ஒரு கம்பியை முறுக்கிவிட்டு, அன்றைய முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்துக் காட்டினேன். கழுத்துக்கு ஒன்றுமில்லை.

பிறகு அதே மாலையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனேன். அங்கே மச்சானின் கிதார் சாய்ந்திருந்தது.

"மாலைக்குக் கிதார் உடையுமான்னு பாத்துரலாம் மச்சான்."

"யோவ், வேணாம்யா!" மச்சான் பாய்ந்து வந்து கிதாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "உன்னுது புதுசு, தாங்கும். இது தாங்காது. அன்னைக்கே பாத்தனே, மாட்டிட்டுக் கைய எடுக்குறதுக்குள்ள போயிருச்சி!"

தான் சொன்னது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

என் மனைவி கேட்டாள்: "நீ ரூம்லயே இல்லன்னு சொன்னியேண்ணா?"

அவர் கிதாரைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எவ்வளவு நாள் காத்திருந்தேன்! கண் சிமிட்டாமல் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்குத் தனி வாசிப்பு முழுக்க நான்தான் வாசித்தேன். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே நீட்டி வாசித்தேன்.

அடுத்த வாரம் மச்சான் பட்டறைக்கு வந்தார். மரத்தூளில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் வேறு ஏதேதோ பேசினார். கடைசியில், "மாப்ள, என்னுதுக்கும் அந்த மாதிரி ஒரு கழுத்து வச்சுக் குடேன்," என்றார்.

"தாராளமா. தேக்கு தயாராதான் இருக்கு. நீங்க ஒரு மேடையில மைக்கப் புடிச்சி, மாலைய மாட்டுனது நாந்தான், மாப்ள குடிக்கலன்னு சொல்லுங்க. மறுநாளே கழுத்து ரெடி."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இன்றுவரை எந்த மேடையிலும் சொல்லவில்லை. நானும் செய்து கொடுக்கவில்லை. அறுத்துவைத்த பட்டைகள் பட்டறைப் பரணில் கிடக்கின்றன.

வேனில் கச்சேரிக்குப் போகும்போது மச்சான் தன் கிதாரை மடியில் போட்டு, கழுத்தடியில் கைகொடுத்து, பச்சைப்பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு வருகிறார். பரங்கிப்பேட்டை சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் பதறுகிறார். என்னுடையதை நான் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் தள்ளிவிட்டு, அவருக்கு எதிர் சீட்டில் கால் நீட்டித் தூங்குகிறேன்.