பஞ்சு சிக்கிய இடம்

ஜீவனஹள்ளியில் அசோகனைத் தேடி வருகிறவர்கள் கதவு எண்ணைக் கேட்பதில்லை. மண்ணெண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற கல் கிடந்த மூன்றடி இடம்தான் அவருடைய பட்டறை. ஒரு வைஸ், ஒரு டிரில் மெஷின், அதன் முனையில் மூன்று சாணைக் கற்கள் பொருத்திய ஹோனிங் கருவி. பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளின் சிலிண்டருக்குள் அந்தக் கற்களைச் சுழலவிட்டு, ஒரே சீராக மேலும் கீழும் இழுத்து, உள்சுவரில் வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் விழச் செய்வார். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும்.

பம்பு கம்பெனியில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். கம்பெனி மூடியபின் யாரிடமும் போய் நிற்கவில்லை. மூன்று சிலிண்டர்களைக் கெடுத்தார், நான்காவதில் கற்றுக்கொண்டார். கெட்டதில் ஒன்றில் அவர் மனைவி வீணா கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

கல் ஓடி முடிந்தால் வேலை முடிந்ததாகாது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில், பெட்ரோலும் புகையும் போய்வர ஓட்டைகள் உண்டு. அசோகன் அவற்றை ஜன்னல் என்பார். கல் ஓடியபின் ஜன்னல் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும். சின்ன அரத்தாலும் எமரித் தாளாலும் அதை மழுக்க வேண்டும். விட்டால், பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். உடைந்த துண்டு பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும்.

விளிம்பு மழுங்கியதா என்று பஞ்சை உள்ளே தேய்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கூர்மை இருந்தால் பஞ்சு சிக்கும். அசோகன் அதைக் கேலி செய்வார். "பஞ்சு எல்லாம் நர்சம்மாவுக்கு. எனக்கு இது போதும்" என்று வலது ஆள்காட்டி விரலை நீட்டுவார். தலைமுடி கனத்துக்குப் பிசிறு இருந்தாலும் அந்த விரல் சொல்லிவிடும். சொல்லிக்கொண்டும் இருந்தது.

ஜூலை மாதம் ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது வீணா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "என்னாங்க, செருப்ப எங்க விட்டுட்டுப் போறீங்க?" இடது செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. வெறுங்காலில் நடந்தது அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்தான். இருந்தும் சிரித்து மழுப்பிவிட்டார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, காலை எட்டரை மணி. முந்தின நாள் முடித்து வைத்த சிலிண்டரை எடுத்து, உள்ளே கடைசியாக ஒருமுறை விரலை ஓட்டிவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கரண்டி எடுக்க வந்த வீணா நின்றாள்.

"துணி ஏன் செவப்பா இருக்கு?"

அசோகன் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனி குறுக்கே பிளந்திருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. பிளந்த இடத்தில் மண்ணெண்ணெய் பட்டிருக்கிறது, எரிய வேண்டும். எரியவில்லை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். வேறு யாருடைய விரலையோ அழுத்துவது போலிருந்தது.

வீணா பஞ்சு கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கிக் காயத்தில் வைக்காமல் சிலிண்டருக்குள் விட்டு மெதுவாக இழுத்தார். பஞ்சு வெளியே வந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளை இழை மட்டும் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

நேற்று இதே விரலால் தடவி, சரி என்று ஒதுக்கி வைத்த சிலிண்டர். வியாழக்கிழமை ஓஸ்வால்டின் சிலிண்டரையும் இதே விரலால்தான் பார்த்துக் கொடுத்தார். ஸ்கூல் வேன் ஓட்டும் காக்ஸ் டவுன் ஓஸ்வால்ட் இன்று விடியற்காலை நாலு மணிக்கு அந்த பைக்கில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருப்பார்.

நான்கு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தார்.

"என்னா மேன் அசோக், காலைலயே லவ்வா? இத்தன மிஸ்டு கால்!"

"எங்க இருக்கே?"

"தருமபுரி தாண்டி டீ குடிக்கிறோம். வண்டி பட்டு மாதிரி போவுது. நாப்பது ஸ்பீடுக்கு மேல தொடல, ப்ராமிஸ். மிஸஸ்தான் பின்னால ஜெபமாலை சொல்லிகினே வர்றா. உன் சிலிண்டர் மேல நம்பிக்கை இல்ல போல." பக்கத்தில் ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாதே."

"ஏன்?"

அசோகன் வீணாவைப் பார்த்தார். அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு புதுசு. ஜன்னல் விளிம்பு மேல கொஞ்சம் டவுட்டா இருக்கு."

"டவுட்டுதானே? நூத்தி நாப்பது கிலோமீட்டர் வந்துட்டேன் மேன்! சேலத்துல என் மச்சான் மெக்கானிக், அவன்கிட்ட காட்டிக்கிறேன். நடுவுல தொப்பூர் எறக்கம்தான். ஆக்சிலேட்டரே வேணாம், சும்மா உருண்டு போயிடும்."

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், எண்ணெயும் குறையும், என்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கூர்மையான விளிம்பும் காய்ந்த ரிங்கும் சந்திக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. முன்னும் பின்னும் லாரிகள் இறங்கும் பாதை.

"ஓஸ்வால்ட், கல்லுல ஒண்ணுமில்ல. பொய் சொன்னேன். என் விரல் செத்துப் போச்சு. இப்போ வெட்டி ரத்தம் ஊத்துது, எனக்குத் தெரியல. உன் சிலிண்டர நான் பாக்கவே இல்லப்பா. பாத்ததா நெனச்சிகினேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்தது. பிறகு ஓஸ்வால்ட் தன் மனைவியிடம், அசோகன் இதுவரை கேட்டிராத ஒரு தணிந்த குரலில் சொன்னார்: "சாவிய எடுத்து உன் பையில போட்டுக்கோ."

போன் கட்டானது.

வீணா பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் துணியால் சுற்றினாள். எவ்வளவு இறுக்கினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து இப்படி?"

அதுதான் அவருக்கும் தெரியாதது. செருப்பு கழன்றது ஜூலையில். விரல் அதற்கு முன்பா, பின்பா? எதிர்ச் சுவரில், சிலிண்டர் கொடுத்தவர்களின் பெயரும் போன் நம்பரும் சாக்பீஸில் வரிசையாக இருந்தன. ஓஸ்வால்டுக்கு மேலே கோவிந்தப்பா, அதற்கு மேலே ப்ரஹ்லாத், உத்தமன். ஜூலையிலிருந்து மட்டும் பதினொரு பேர். அதற்கு மேலும் வரிசை போனது.

இடது கையால் கோவிந்தப்பாவின் நம்பரை அடித்தார். எடுக்கவில்லை. ப்ரஹ்லாதுக்கு அடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பைக் வைத்திருக்கிறவர்கள் கூட்டமாக நந்தி மலைக்குப் போய், இந்நேரம் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.