ஒரே முளை, இரண்டு தொட்டி

கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் கிருமி போகட்டும் என்று ரொட்டிக் கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பெரியம்மாவின் கைதான் முதலில் ஞாபகம் வருகிறது. சாந்தோம் வீட்டில் அவரும் அம்மாவும் சேர்ந்து வளர்த்த ஊதா ஆர்க்கிட், தொட்டி கொள்ளாமல் வேரை வெளியே விட்டிருந்தது. பெரியம்மா பெசன்ட் நகருக்குக் குடிபோகிறார். செடியைப் பிரித்தாக வேண்டும். பத்து வீடியோ பார்த்த தைரியத்தில் நான், இஸ்திரி வண்டிக்காரரிடம் கரித்துண்டு வாங்கி, புதுத் தொட்டியில் நிரப்ப உடைந்த ஓட்டுத் துண்டுகளும் சேர்த்துத் தயாராக நின்றேன்.

வேரைக் கழுவியதும்தான் தெரிந்தது: ஒரு பக்கம் இலை உதிர்ந்த பழைய தண்டுகள், மறுபக்கம் இலையுள்ள தண்டுகள், நடுவே ஒரேயொரு புது முளை. இனிப் பூ வருவதென்றால் அதில்தான். அம்மா காபி போட உள்ளே போனதும் பெரியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"முளை உங்கம்மாவுக்கு. எனக்கு அந்தக் கிழடுங்க போதும். அவகிட்ட சொல்லாதே."

அவர் கை கழுவப் போன நேரத்தில் அம்மா வந்து, முளை அக்காவுக்குத்தான் போக வேண்டும், சொல்லிவிடாதே என்றார். இருவருக்கும் தலையாட்டினேன். முளையை இரண்டாகப் பிளந்தால் ஆளுக்குப் பாதி என்று எனக்கு ஒரு மகா யோசனை. நான் கத்தியை இறக்கியதும் முளை நசுங்கித் தனியாக வந்துவிட்டது. பெரியம்மா வெட்டுவாயில் மஞ்சள்தூளை அப்பினார். "இப்ப சண்டையே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல." அம்மா சிரித்தார். என்னால் முடியவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. நேற்று பெசன்ட் நகர் பால்கனியில், பெரியம்மா தன் கிழட்டுத் தண்டின் அடியில் கடுகளவு பச்சையைக் காட்டினார். அம்மாவுடையது பூக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாதாம்; சரி என்றேன். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டார்.

"இங்க முளை வந்திருச்சுடா. அங்க? அவளைக் கேட்டா உண்மை சொல்ல மாட்டா. வரலைன்னா, ஞாயித்துக்கிழமை அவ சர்ச்சுக்குப் பூசைக்குப் போற நேரம் பார்த்துத் தொட்டிய மாத்தி வச்சிட்டு வந்துடு."

இது விட்டுக்கொடுப்பதா, பிடிவாதமா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. வந்திருக்கிறது என்றால் பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. வரவில்லை என்றால் நான் தொட்டியோடு பஸ் ஏற வேண்டும். வெளிச்சம் போதவில்லை, சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவைத்தேன். அம்மா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.