சமத்துப் பிள்ளையின் குதிகால்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் அந்த சிஸ்டருக்கு வைத்திருந்த பெயர் ஊரடங்கு. அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தரை துடைக்கிறவர் வாளியை இழுக்க மாட்டார், தூக்கிக்கொண்டு நடப்பார். பெரிய டாக்டர் ஒருமுறை தும்மல் வந்து வராந்தாவுக்கு ஓடியதாக ஒரு பேச்சு உண்டு. டாக்டர் அதை மறுக்கிறார். மறுக்கும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் மறுக்கிறார்.

தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது சிஸ்டருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். இருபத்திரண்டு வருஷம் உழைத்து வாங்கிய பட்டம் அல்லவா. அவர் செய்ததில் தப்பும் இல்லை. வயிற்றுக்குள் இன்னும் மூன்று மாதம் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. ஒரு கிலோ அரிசிப் பை கனமாகத் தெரியும் அளவுக்குச் சின்னதுகளை எல்லாம் அவர் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால், பிள்ளைகளுக்கு நல்லது என்று ஆரம்பித்த அமைதி எந்த வருஷத்தில் சிஸ்டருக்கு நல்லது என்று மாறியது என்பதை மட்டும் எந்தப் பதிவேட்டிலும் யாரும் குறித்துவைக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு, மஞ்சள் காமாலை எவ்வளவு என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை குதிகாலில் சின்ன ஊசிமுனையால் குத்தி, சொட்டு எடுக்க வேண்டும். பெரியவர்களின் கட்டைவிரல் நகம் அளவுதான் அந்தக் குதிகால். குத்தினால் வலிக்கும். அந்த வலிக்கு மருந்து கொடுக்காமலே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. குத்துவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் நாக்கில் தாய்ப்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ சில சொட்டு விடலாம். சப்ப ஒரு ரப்பர் காம்பு கொடுக்கலாம். ஒருவர் குத்தும்போது இன்னொருவர், ஒரு கையால் தலையையும் மறு கையால் மடக்கிய கால்களையும் அணைத்து, வயிற்றுக்குள் இருந்த மாதிரியே பிடித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் வெற்று மார்பில் படுக்கவைத்துவிட்டுக் குத்தலாம்.

இவையெல்லாம் படத்தோடு போட்ட ஒரு தாள் அந்த வார்டிலேயே இருந்தது. கதவுக்குப் பின்பக்கம் ஒட்டியிருந்தது. கதவோ சதா திறந்தே கிடக்கும். ஆகவே வருஷம் முழுவதும் அந்த அறிவுரையைப் படித்துவந்தது சுவர் மட்டும்தான்.

சிஸ்டருக்குத் தாள் தேவையில்லை. அவர் இதற்கான பயிற்சிக்குப் போய் மதியச் சாப்பாட்டோடு சான்றிதழும் வாங்கி வந்தவர். வார்டில் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பார், பிடித்துக்கொள்ள ஆளும் போடுவார். அழுகிற பிள்ளைகளுக்கு. அழாத பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு?

அந்த வார்டில் அழாத பிள்ளை ஒன்று இருந்தது. ஐந்தாம் நம்பர் கண்ணாடிப் பெட்டி. இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை. மூக்கில் மெல்லிய குழாய். குத்தினால் ஒரு சின்ன முனகல்கூட வராது. மூன்றாவது நாளே சிஸ்டர் அவனுக்கு ‘சமத்து’ என்று பெயர் வைத்துவிட்டார்.

பெயர் வைத்ததோடு நின்றிருக்கலாம். பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண்கள் ஊசிமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கியபோது, “பயப்படாதீங்கடி. மொதல்ல சமத்துகிட்ட போய்ப் பழகுங்க. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்றார். அன்றிலிருந்து ஐந்தாம் நம்பர் பெட்டி பள்ளிக்கூடமாகிவிட்டது. முதல் குத்தில் ரத்தம் வராவிட்டால் இரண்டாவது குத்து. பையன் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும். அதில் ‘வலி’ என்று ஒரு கட்டம். எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுத வேண்டும். சமத்துவின் அட்டையில் அன்றைய தினம் முழுவதற்குமான பூஜ்யங்களைச் சிஸ்டர் காலையிலேயே போட்டுவிடுவார். மழை பெய்யாது என்று விடியும்போதே முடிவு கட்டிவிடுகிற வானிலை அறிக்கை மாதிரி.

பையனின் அம்மா பேருந்து நடத்துனர். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு” என்று எட்டு வருஷம் கத்திப் பழுத்த தொண்டை. வார்டில் அந்தத் தொண்டையை அடக்க அந்தப் பெண் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் பிள்ளையை மார்பில் போட்டுக்கொள்வாள். ஊசி நேரம் வந்தால் சிஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார். எல்லாத் தாய்களையும் அப்படித்தான். பார்த்தால் அழுவார்கள். அழுதால் சத்தம்.

“எப்படிக்கா இருந்தான்? அழுதானா?” என்று வராந்தாவிலிருந்து கேட்பாள்.

“மூச்சு விடல. உங்க தொண்டைக்கும் சேத்து அவன் அமைதியா இருக்கான்.”

உடனே போனை எடுத்து, “அத்தே, இன்னிக்கும் அழலையாம்! சிங்கம்!” என்று மாமியாரிடம் சொல்வாள். அது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும்.

இருபத்தாறாவது நாள் வீடியோ எடுக்க ஆள் வந்தார். குதிகாலில் குத்துவது எப்படி என்று பாடப்படம் ஒன்று வேண்டும் என மேலிடத்திலிருந்து உத்தரவு. யார் குத்துவது? ஊரடங்கு. யாரைக் குத்துவது? சமத்துவை. நடத்துனர் அம்மா கையெழுத்தும் போட்டு, புதுக் குல்லாயும் கொடுத்துவிட்டு வராந்தாவில் பெருமையாக உட்கார்ந்துவிட்டாள்.

வந்தவர் கல்யாண வீடியோக்காரர். ஆஸ்பத்திரியில் யாருக்கோ மைத்துனர் என்பதால் இந்த வாய்ப்பு. சிஸ்டர் கை கழுவி, குதிகாலைத் துடைத்து, எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லி, சுத்தமாக ஒரே குத்து குத்தி, சொட்டை எடுத்து, பஞ்சை வைத்தார். நாற்பது விநாடி. கை தட்டலாம் போல இருந்தது.

வீடியோக்காரர் பக்கத்து அறையில் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“சிஸ்டர், மன்னிச்சுக்குங்க. மைக் போயிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கணும்.”

“இன்னொரு தடவை குத்தணுமா? என்ன பேசுறீங்க? நான் பேசுனது பதிவாகலையா?”

“உங்க குரல் வருது. குழந்தை கத்துறதுதான் வரல.”

“அவன் கத்தலை.”

“கத்துறான் சிஸ்டர். வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது. குதிகாலையே காணோம். திரை முழுவதும் முகம்.

“காலை எடுக்கச் சொன்னா மூஞ்சியை எடுத்து வச்சிருக்கீங்க?”

“எனக்குக் கல்யாண வீடுதாங்க பழக்கம். யாரு என்ன செஞ்சாலும் நான் மூஞ்சியைத்தான் எடுப்பேன். தப்புதான்.”

தப்பு அந்த நாற்பது விநாடியும் ஓடியது. சிஸ்டரின் குரல் இனிமையாக, “இப்போ குத்துறோம்” என்கிறது. பையனின் புருவம் புடைத்துக்கொண்டு வருகிறது. கண்கள் இறுகி, மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுகிறது. வாய் முழுசாகத் திறக்கிறது, நாக்கு விறைத்து நடுங்குகிறது. ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. ஐந்து விரலும் எதையாவது பிடிக்கத் தேடி விரிந்து, காற்றைப் பிடித்து, மறுபடி விரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. கத்துவதற்கு நெஞ்சில் பலம் வேண்டும். அது அவனிடம் இல்லை.

“பாத்தீங்களா? மைக்தானே?” என்றார் வீடியோக்காரர்.

சிஸ்டர், “ஆமா, மைக்தான்” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். தெரியாமல் சொன்னவை ஐந்தாம் நம்பர் அட்டையில் வரிசையாக, வட்ட வட்டமாக இருந்தன.

அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை எடுக்க விடவில்லை.

வீட்டில் கணவர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். சாயங்காலம் கூடத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“சத்தமே போடாத பம்பைப் பாத்து நல்ல பம்புன்னு எவனும் சொல்ல மாட்டான். மொதல்ல கரண்ட் வருதான்னுல்ல பாப்பான்” என்றார்.

சிஸ்டர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

“நான் இப்போ என்ன தப்பா சொல்லிட்டேன்?” என்று அவர் பம்பிடம் கேட்டார்.

மறுநாள் சிஸ்டர் விஷயத்தைச் சொன்னபோது பெரிய டாக்டர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். “இனிமே சரியா செஞ்சா போச்சு. அந்தத் தாயார்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவங்கதானே கஷ்டப்படுவாங்க.” அடுத்தவர் கஷ்டப்படக் கூடாது என்பதில் நமக்கெல்லாம் அக்கறை பொங்குவது இப்படிப்பட்ட சமயங்களில்தான்.

சிஸ்டருக்கும் அந்த அக்கறை பொங்கியது. பயிற்சிப் பெண்களை ஐந்தாம் நம்பர் பக்கம் வரக் கூடாது என்றார். சொட்டுப் பால், இரண்டு நிமிஷக் காத்திருப்பு, அணைத்துப் பிடிக்க ஓர் ஆள், எல்லாம் நடந்தது. மூன்று பரிசோதனைக்கு மூன்று குத்து என்பதை ஒரே குத்தாகச் சேர்த்தார். தாளைப் பிய்த்து மேஜைக்கு மேலே ஒட்டினார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. இருப்பதிலேயே நல்ல மருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டால், “இத்தனை நாளா வெளிய போகச் சொன்னீங்களே, இப்போ என்ன?” என்று கேட்பாள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான்கு நாள் அந்தப் பிள்ளை, தன் தாய் பத்தடி தூரத்தில் இருக்க, வேற்றுக் கைகளில் குத்து வாங்கினான்.

அந்த நான்கு நாளும் சிஸ்டர் முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டார். குறைந்திருந்தது. ஆனால் பூஜ்யம் வரவில்லை. விரல்கள் இன்னும் எதையோ தேடின. ஐந்தாம் நாள் மத்தியானம் ஊசித் தட்டோடு வந்தவர், வழக்கம் போல எழுந்து வெளியே கிளம்பிய நடத்துனரைத் தடுத்தார்.

“உக்காரும்மா. மார்லயே இருக்கட்டும்.”

“நான் இருக்கலாமாக்கா? அழுதுருவேனே!”

“அழுங்க. பரவால்ல.”

மார்பில் குழந்தை, மேலே போர்வை, ஒரு பாதம் மட்டும் வெளியே. நாக்கில் பால் சொட்டு. இரண்டு நிமிஷம். சிஸ்டர் குத்தினார். புருவம் லேசாகச் சுருங்கி, விரிந்தது. விரல்கள் அம்மாவின் தோளோரத்தைப் பற்றிக்கொண்டன. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்பதைச் சிஸ்டரால் தாங்க முடியவில்லை. கஷ்டமான வேலையாக இருந்திருந்தால் செய்யாமல் விட்டதற்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

“பாத்தீங்களாக்கா? எப்பவும் போல! என் புள்ள சமத்து!” என்றாள் அம்மா, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு.

டாக்டரின் அறிவுரை அந்த இடத்தில்தான் தோற்றது.

“சமத்து இல்லம்மா. அவனுக்கு வலிச்சுது. கத்தத் தெம்பு இல்ல. நான் காலைப் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல. அழலைன்னு பழகுற பொண்ணுங்களுக்கெல்லாம் அவனைத்தான் கொடுத்தேன்.”

அம்மா போர்வையை இழுத்து அந்தப் பாதத்தை மூடினாள்.

“நான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேனே. சிங்கம்னு சொன்னேனே” என்றாள். எட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

சிஸ்டர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், மேலே போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாள் என்று தயாராக இருந்தார். தன் பாவத்தில் பாதியை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. “அது நான் சொல்லித்தானே நீங்க சொன்னீங்க. அது உங்க தப்பு இல்லம்மா” என்றார். சொன்னால் இறங்குகிற சுமையா அது.

“மொத்தம் எத்தனை தடவை?”

சிஸ்டர் அட்டையைப் பார்க்கவில்லை. மனப்பாடமாக இருந்தது. “அந்த வீடியோ எடுக்குறவரைக்கும் எழுபத்தொண்ணு. அதுல பழகுற பொண்ணுங்க குத்துனது முப்பத்தெட்டு.”

“அந்த வீடியோ இருக்கா?”

“வேணாம்மா.”

“காட்டுங்க.”

சிஸ்டர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முழுசாகப் பார்த்தாள். ஒரு கை குழந்தையின் முதுகில் அசையாமல் இருந்தது. முடிந்ததும் போனைத் தள்ளிவிட்டாள்.

“வேற சிஸ்டரைப் போடச் சொல்லிர்றேன். இவன் பக்கம் நான் இனிமே வரல” என்றார் சிஸ்டர்.

“அதெல்லாம் வேணாம். புதுசா வர்றவங்களுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போற வரைக்கும் நீங்கதான் குத்தணும். நான் இங்கதான் இருப்பேன்.”

அதற்கப்புறம் அவள் ‘அக்கா’ என்று கூப்பிடவில்லை. சிஸ்டர் என்றாள். சிஸ்டர் விடுப்பு நாளிலும் ஊசி நேரத்துக்குப் பேருந்து பிடித்து வந்தார். பையன் ஒன்றே முக்கால் கிலோவுக்கு ஏறி வீட்டுக்குப் போகும்வரை இன்னும் இருபத்திரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பால் சொட்டு, மார்பு, இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் சிஸ்டர் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார். அம்மா சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பாள்.